விறகு மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்

நியூ ஜெர்சியில் இருந்து நியூ யார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைப்பக்கம் கேம்பிங் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரில் இட்லி மாவு கொண்டு போகலாம், குக்கர் கொண்டு போகலாம், இடமிருந்தால் கேரம் போர்டு கூடக் கொண்டு போகலாம், விறகு கொண்டு போகக் கூடாது. முறையாகச் சூடேற்றிச் சான்றிதழ் ஒட்டிய விறகைத் தவிர வேறெந்த விறகையும் வெளி மாநிலத்தில் இருந்து நியூ யார்க்குக்குள் எடுத்து வரக் கூடாது என்பது அந்த மாநிலத்தின் சட்டம். மாநிலத்துக்குள்ளேயே என்றாலும், சூடேற்றாத விறகு வெட்டிய இடத்தில் இருந்து 50 மைலுக்கு மேல் போகக் கூடாது. அதுவும் ரோட்டு மைல் இல்லை, வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்கும் மைல். ஆல்பனியில் இருப்பவர் தன் வீட்டுக் கொல்லையில் வெட்டியதை லேக் ஜார்ஜுக்கு எடுத்துப் போக நினைத்தால் நேர்கோட்டிலேயே ஐம்பதைக் கொஞ்சம் தாண்டிவிடும். நாங்கள் நியூ ஜெர்சியின் எடிசனில் இருந்து போகிறவர்கள், எங்களுக்கு அந்தக் கணக்கே தேவையில்லை, மாநில எல்லையிலேயே கதை முடிந்தது.

இதை இவ்வளவு அழுத்தி எழுதக் காரணம் எங்கள் வாட்ஸ்அப் குழு. மே கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறை நெருங்க நெருங்க, யார் டென்ட், யார் ஸ்டவ், யார் வீட்டில் சிக்கனுக்கு மசாலா தடவி ஊற வைப்பது என்று பட்டியல் ஓடும், அந்தப் பட்டியலின் நடுவில் யாராவது ஒருவர் கை தூக்குவார். "விறகுக்கு யாரும் காசு கொடுக்காதீங்க அண்ணா, எங்க வீட்டுக்குப் பின்னாடி மரம் வெட்டிக் கிடக்கு, வேன் நிறைய ஏத்திட்டு வந்துடறேன்." உடனே பத்துப் பேர் கட்டைவிரல் போடுவார்கள். நல்ல மனசுதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஊரில் இருந்தபோது நம் வீடுகளில் காய்ந்த மட்டையைக் கூட வீணாக்கியது கிடையாது, அந்தப் பழக்கம் ரத்தத்தில் இருக்கிறது, கொல்லையில் கட்டை சும்மா கிடக்கும்போது கேம்ப் கிரவுண்ட் வாசலில் ஒரு கட்டு விறகுக்கு ஏழெட்டு டாலர் கொடுப்பது யாருக்கும் உறுத்தத்தான் செய்யும்.

ஆனால் நான் கேட்பது ஒரே கேள்விதான். அந்த மரத்தை ஏன் வெட்டினீர்கள்?

பதில் முக்கால்வாசி நேரம் ஒன்றேதான்: பட்டுப் போய்விட்டது, வீட்டு மேல் விழுந்துவிடும் என்று டவுன்ஷிப்பில் சொன்னார்கள், ஆளை வைத்து வெட்டினோம். சரி, அது ஏன் பட்டுப் போனது? நியூ ஜெர்சியில் கடந்த பத்து வருஷமாக வீட்டு மரம் ஒன்று காரணம் தெரியாமல் உச்சியில் இருந்து காய்ந்துகொண்டே வந்தது என்றால், அது ஆஷ் மரமா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆஷ் என்றால் கிட்டத்தட்ட நிச்சயமாக எமரால்டு ஆஷ் போரர் என்கிற வண்டின் வேலை. இலவசமாகக் கிடைக்கும் விறகில் பெரும்பகுதி இப்படி ஏதோ ஒன்று கொன்ற மரம். கொன்றது எதுவோ அது இன்னும் அந்தக் கட்டைக்குள்ளேயே இருக்கலாம். விறகுச் சட்டத்தின் மொத்த நியாயமும் இதுதான், மற்றதெல்லாம் விவரம்.

விவரமும் சுவாரசியமானதுதான். இந்த வண்டு கிழக்காசியாவைச் சேர்ந்தது, சீனா, கொரியா, ரஷ்யாவின் கிழக்குக் கோடி என்று அந்தப் பக்கம். அங்கே உள்ள ஆஷ் மரங்கள் காலகாலமாக இதோடு வாழ்ந்து பழகியவை, ஏற்கனவே நலிந்த மரத்தைத்தான் பெரும்பாலும் தாக்கும், பெரிய சேதம் இல்லை. 2002-இல் மிச்சிகனில் டெட்ராய்ட் பக்கத்தில் ஆஷ் மரங்கள் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தபோதுதான் இது அமெரிக்காவில் இருப்பதே தெரிந்தது, அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே சரக்குப் பெட்டிகளின் கட்டைகளோடு வந்து இறங்கியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இதில் ஒரு வேடிக்கை: பன்னாட்டுச் சரக்குகளோடு வரும் மரப்பெட்டி, பேலட் என்கிற மரத்தட்டு எல்லாவற்றையும் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிஷம் சூடேற்ற வேண்டும் அல்லது பூச்சிமருந்துப் புகை போட வேண்டும் என்கிற உலக விதிமுறையும் அதே 2002-இல்தான் வந்தது. சென்னைத் துறைமுகத்தில் இருந்து ஏற்றுமதியாகும் பேலட்டிலும் கோதுமைக் கதிர் படம் போட்டு 'HT', அதாவது 'ஹீட் ட்ரீட்டட்', என்று முத்திரை குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதற்குத்தான். விதி வந்தது, வண்டு அதற்கு முன்பே வந்துவிட்டது.

வண்டைப் பார்த்தால் பயமாக இருக்காது. அரை அங்குல நீளம், மினுமினுக்கும் உலோகப் பச்சை, பொன்வண்டு பிடித்து விளையாடிய தலைமுறைக்குப் பார்த்த உடனே பிடித்துவிடும். வளர்ந்த வண்டு இலையைக் கொறிக்கும், அதனால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. புழுதான் எமன். பட்டையின் இடுக்கில் முட்டை, பொரிந்த புழு பட்டையைத் துளைத்து உள்ளே போய், பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் சர்க்கரைச் சத்து ஓடும் அந்த மெல்லிய அடுக்கை வளைந்து வளைந்து தின்றுகொண்டே போகும். மரம் இலையில் சமைத்ததை வேருக்கு அனுப்பும் பாதை அது. நூற்றுக்கணக்கில் புழுக்கள் இப்படிப் பாதை போட்டால் ஒரு பெரிய மரம் சில வருஷங்களுக்குள் முடிந்துவிடும். வெளியே தெரியும் அடையாளம் கொஞ்சம்தான், மரங்கொத்தி பட்டையைச் செதில் செதிலாக உரித்துப் போட்டிருக்கும், ஆங்கில 'D' எழுத்து வடிவத்தில் நாலு மில்லிமீட்டர் அளவுக்கு ஓட்டை இருக்கும், வண்டு வெளியேறிய வாசல் அது. ஓட்டை கண்ணில் படுகிற நேரத்தில் மரத்துக்கு ஏற்கனவே கெடு வைத்தாகிவிட்டது.

கொடுமை என்னவென்றால் ஆஷ் மாதிரி விறகு கிடைக்காது. நேராகப் பிளக்கும், ஈரம் கம்மி, வெட்டிக் கொஞ்ச நாளிலேயே எரியும், புகையும் அதிகம் இல்லை. விறகு தெரிந்தவர்கள் தேடி எடுத்துப் போகிற மரம் இதுதான்.

இப்போது எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வருவோம். "எரிக்கத்தானே அண்ணா கொண்டு போறோம், வண்டும் சேர்ந்து சாகட்டுமே?" எடுத்ததும் நியாயமாகத்தான் படும். எரிந்த கட்டையில் இருந்து வண்டு வராது என்பது உண்மைதான், ஆனால் எரியாத கட்டை? வெள்ளிக்கிழமை ராத்திரி போய்ச் சேர்கிறோம், விறகை டென்ட் பக்கத்தில் அடுக்குகிறோம், சனிக்கிழமை மழை, ஞாயிறு காலை எல்லோருக்கும் கிளம்பும் அவசரம், மிச்சக் கட்டை அடுத்து வருகிறவருக்கு ஆகட்டும் என்று நெருப்புக் குழி ஓரத்திலேயே விட்டுவிட்டு வருகிறோம். எங்கள் குழுவில் மட்டும் இல்லை, எந்த கேம்ப் சைட்டில் போய்ப் பார்த்தாலும் முந்தையவர் விட்டுப்போன கட்டைகள் கிடக்கும். இந்த வண்டு வெளியே வரும் பருவம் மே கடைசி, ஜூன், ஜூலை. கேம்பிங் பருவமும் அதுவே. வெட்டிப் பிளந்த கட்டைக்குள்ளும் புழு வளர்ந்து வண்டாகும், வெட்டி ஒரு வருஷம் ஆன கட்டையில் இருந்துகூட வெளியே வரும், அதனால் "நல்லா காஞ்ச விறகுதான்" என்று சொல்வதும் செல்லாது. போகிற வழியில் காரின் டிக்கியில் உதிரும் பட்டைத் துண்டுகளைப் பற்றி நான் இன்னும் பேசவே இல்லை.

வண்டு தானாகப் பறந்தால் வருஷத்துக்குச் சில மைல்தான். மனிதன் காரில் ஏற்றினால் ஒரே நாளில் ஐந்நூறு மைல். 2013-இல் கொலராடோவின் போல்டர் நகரத்தில் இந்த வண்டு கண்டுபிடிக்கப்பட்டபோது, அதற்கு முன் தெரிந்திருந்த மிக அருகிலுள்ள இடமே கான்சஸ் பக்கம், நடுவில் கிட்டத்தட்ட 600 மைல் புல்வெளி. அத்தனை தூரத்தை அது சிறகடித்துக் கடந்திருக்க முடியாது, யாரோ கொண்டு வந்திருக்கிறார்கள். 2022-இல் ஓரிகானிலும் வந்துவிட்டது. மிச்சிகனில் 2005-இல், மாநிலத்தின் இரண்டு பாதிகளை இணைக்கும் பெரிய பாலத்தைத் தாண்டி மேல் தீபகற்பத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்த இடம் எது தெரியுமா, பிரிம்லி ஸ்டேட் பார்க். கேம்பிங் போகிற இடம்.

வெளிநாட்டுப் பூச்சி மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. கலிபோர்னியாவில் சான் டியாகோ மலைப்பகுதிகளில் பல்லாயிரக்கணக்கான ஓக் மரங்களைக் கொன்ற கோல்ட்ஸ்பாட்டட் ஓக் போரர் அமெரிக்க வண்டுதான், அரிசோனாவின் தென்கிழக்கு மூலையைச் சேர்ந்தது. அங்கே உள்ள ஓக் மரங்களோடு அது சமாதானமாகத்தான் இருந்தது. நடுவில் பாலைவனம், அதைத் தாண்டிச் சான் டியாகோவுக்கு எப்படி வந்தது என்றால் விறகு வண்டியில்தான் வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். 2012-இல் அங்கிருந்து இன்னும் வடக்கே ஐடில்வைல்ட் என்கிற மலையூரிலும் தலைகாட்டியது, அதுவும் ஆட்கள் விடுமுறைக்குப் போகிற ஊர்தான். நூறு மைல் தள்ளி உள்ள காட்டுக்குக்கூட ஒரு உள்ளூர்ப் பூச்சி அந்நியன்தான், அந்த மரத்துக்கு அதை எதிர்க்கத் தெரியாது.

ஆஷ் போனால் போகட்டும், நமக்கென்ன என்று சொல்கிறவர்களுக்கு மேப்பிள் மரத்தைக் காட்டுகிறேன். அக்டோபரில் வெர்மான்ட்டுக்கும் அடிராண்டாக்குக்கும் படையெடுத்துப் போய்ச் சிவப்பு இலைக்கு முன்னால் புடவை கட்டி நின்று நாம் எடுக்கும் படங்கள் எல்லாம் மேப்பிள் தயவு. அதைத் தின்பதற்கென்றே ஒரு பூச்சி உண்டு, ஆசியன் லாங்ஹார்ன்ட் பீட்டில், கறுப்பில் வெள்ளைப் புள்ளி, உடம்பை விட நீளமான மீசை. 1996-இல் புரூக்ளினில் கண்டுபிடித்தார்கள். இதன் புழு பட்டையோடு நிற்காது, மரத்தின் நடுத்தண்டு வரை துளைத்துப் போகும், பட்டையை உரித்தாலும் பயனில்லை. 2008-இல் மாசசூசெட்ஸின் வூஸ்டரில் தென்பட்டபோது, பரவாமல் தடுக்க ஒரே வழி வெட்டுவதுதான் என்று, அந்த வட்டாரத்தில் 30,000-க்கும் மேலான மரங்களை வெட்டினார்கள். நிழலாக இருந்த தெருக்கள் மொட்டையாகிவிட்டன. ஆனால் அந்த வெட்டு வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சிகாகோவில் 1998-இல் வந்த அதே வண்டை 2008-இல் ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். வட்டத்துக்குள் அடைத்து வைத்தால் ஜெயிக்கலாம், வட்டத்தை விட்டு ஒரு வேன் விறகு வெளியே போய்விட்டால் பத்து வருஷ உழைப்பு போச்சு.

ஆஷ் போனது சும்மா போனதும் இல்லை. அடிராண்டாக்குக்கு வடக்கே கனடா எல்லையில் ஆக்வசாஸ்னி என்கிற ஊர் இருக்கிறது, மோஹாக் என்கிற பூர்வகுடி மக்களின் ஊர். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கறுப்பு ஆஷ் மரத்தில்தான் கூடை முடைகிறார்கள். ரம்பம் வைத்து அறுத்து நார் எடுப்பதில்லை, மரத்தண்டை மரச்சம்மட்டியால் அடித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு வருஷ வளையமும் பட்டை பட்டையாகத் தனியே கழன்று வரும், அதைச் சீவி முடைவார்கள். எல்லா மரமும் இப்படிக் கழன்று வராது, கறுப்பு ஆஷ் வரும். அவர்களில் சிலர் விதைகளைச் சேகரித்துக் காப்பாற்றி வைக்கும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள், மரம் நின்றால்தானே பேரப்பிள்ளைக்கு முடையச் சொல்லிக் கொடுக்க முடியும். நாம் மார்ஷ்மெல்லோ சுடுவதற்குக் கொண்டு போகும் நாலு கட்டைக்கும் அந்தக் கூடைக்கும் சம்பந்தம் உண்டு என்பது எனக்கு இந்தக் கேம்பிங் பழக்கம் வரும் வரை தெரியாது.

குழுவில் விஷயம் தெரிந்த ஒருவர் ஒரு தடவை ஒரு செய்தியின் இணைப்பைப் போட்டு, "ஃபெடரல் கவர்ன்மென்ட்டே 2021-ல தடையை எடுத்துட்டான், நீங்க இன்னும் பழைய கதை பேசறீங்க" என்றார். பாதி சரி. எமரால்டு ஆஷ் போரருக்காக மத்திய அரசு போட்டிருந்த தனிமைப்படுத்தல் விதிகளை 2021 ஜனவரி 14 முதல் நீக்கிவிட்டார்கள், உண்மைதான். வண்டு ஒழிந்துவிட்டதால் நீக்கவில்லை. அது எங்கும் பரவிவிட்டதால், எல்லைக்காவல் போடும் பணத்தை அதன் எதிரிகளை வளர்க்கச் செலவிடலாம் என்று நீக்கினார்கள். தோல்வியை ஒப்புக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம், நான் அப்படித்தான் சொல்வேன். ஆனால் மாநிலங்களின் விறகுச் சட்டம் அதோடு ரத்தாகவில்லை, நியூ யார்க் சட்டம் எந்த ஒரு வண்டின் பெயரிலும் இல்லை, சூடேற்றாத எல்லா விறகுக்கும் பொது. ஓக் மரத்தை வாட வைக்கும் பூஞ்சைக்கும், பேர் தெரியாத அடுத்த பூச்சிக்கும் சேர்த்துத்தான் அந்த 50 மைல்.

வண்டின் எதிரிகள் என்றேனே, அவை குளவிகள். கொட்டும் குளவி இல்லை, மிகச் சின்னது, வண்டின் முட்டைக்குள்ளும் புழுவிலும் தன் முட்டையை வைக்கும். 2007-இல் மிச்சிகனில் தொடங்கி ஆசியாவில் இருந்து கொண்டுவந்த இனங்களைப் பல மாநிலங்களில் விட்டுவருகிறார்கள். தமிழ்நாட்டு விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று வெள்ளையாக அப்பி நாசம் செய்தபோது, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள், மருந்துக்கு அடங்காத பூச்சி அதற்கு அடங்கியது. ஆஷ் வண்டு விஷயத்தில் அவ்வளவு வேகமான வெற்றி இல்லை, பெரிய மரங்கள் போன பிறகு முளைத்த கன்றுகளைக் காப்பாற்றுவதில்தான் குளவிகள் உதவுகின்றன. குளவி வேலை செய்ய வருஷக்கணக்கில் ஆகும், அதுவரை நாம் வண்டியில் ஏற்றி வண்டை முன்னால் அனுப்பாமல் இருப்பதுதான் அதற்குச் செய்யும் உதவி.

சரி, காசு விஷயம். கேம்ப் கிரவுண்டில் விறகு விலை அதிகம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. போன கோடையில் ஒரு இடத்தில் (பேர் வேண்டாம்) வாங்கிய கட்டு பாதி ஈரம், பத்த வைக்கவே ஒரு மணி நேரம், ஊதி ஊதி என் மனைவியின் சகோதரருக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. வெளியே இருந்து கொண்டுவராதே என்று சொல்கிற இடம், உள்ளே விற்கிற விறகையாவது மழை படாமல் தார்ப்பாய் போட்டு மூடி வைக்க வேண்டும், அது அவர்கள் கடமை, அங்கே கோபப்படுவது நியாயம். ஆனால் "விறகு விற்றுக் காசு பார்க்கத்தான் இந்தச் சட்டம்" என்று சொல்வது சரியில்லை, ஏனென்றால் அவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்று பெரும்பாலான இடங்களில் விதி கிடையாது. வடக்கு நியூ யார்க் ரோடுகளில் போனால் வீட்டு வாசலில் விறகை அடுக்கி, மேலே ஒரு தகரப் பெட்டி, அட்டையில் விலை, ஆள் யாரும் இருக்க மாட்டார்கள், காசைப் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். கேம்ப் கிரவுண்டுக்குப் பக்கத்தில் இப்படிக் கிடைக்கும் விறகு உள்ளூர் விறகு, விலையும் குறைவு. எங்கே வாங்கினோம் என்பதற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்பதால், அந்த அட்டையில் மர விவரமும் ஊரும் எழுதியிருந்தால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வேன், கூடவே ரசீதுத் தாளும் வைத்திருந்தால் எடுத்துக்கொள்வேன். சொந்தமாக வெட்டிய விறகை 50 மைலுக்குள் எடுத்துப் போகிறவர்களுக்கு, எங்கே வெட்டியது என்று தாங்களே நிரப்பிக் கையெழுத்துப் போடும் படிவம் ஒன்றை மாநிலச் சுற்றுச்சூழல் துறை வைத்திருக்கிறது. ரேஞ்சர் கேட்டால் காட்ட வேண்டும். சும்மா மிரட்டல் என்று நினைக்காதீர்கள், டிக்கெட்டும் கொடுப்பார்கள், விறகையும் பிடுங்கிக்கொள்வார்கள்.

இன்னொரு வழி, கடைகளில் பிளாஸ்டிக் உறையில் சுற்றி விற்கும் சூடேற்றிய விறகு. நியூ யார்க் விதிப்படி கட்டையின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸில் குறைந்தது 75 நிமிஷம் இருந்திருக்க வேண்டும், உள்ளே இருக்கும் எதுவும் அதில் பிழைக்காது. இதை எவ்வளவு தூரமும் கொண்டு போகலாம். ஒரே ஒரு நிபந்தனை, லேபிளைக் கிழித்துப் போடக் கூடாது. 'கில்ன் டிரைட்' என்று மட்டும் போட்டிருந்தால் ஏமாற வேண்டாம், அது ஈரம் போக உலர்த்தியது, அந்தச் சூட்டை எட்டியது என்று அர்த்தம் இல்லை. 'ஹீட் ட்ரீட்டட்' என்று இருக்க வேண்டும். வேகமாக எரிந்து தீர்ந்துவிடும் என்பது ஒரு குறை, சாயங்காலம் தொடங்கிப் பாட்டுக்குப் பாட்டு முடியும் வரை நெருப்பு வேண்டும் என்றால் மூன்று கட்டாவது ஆகும். சமையலுக்கு எப்படியும் நாம் கேஸ் ஸ்டவ்தான், விறகு பாட்டுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும்தான், மூன்று கட்டுக்கு ஆகும் காசு ஆளுக்குப் பங்கு போட்டால் ஒரு காபி விலை.

மற்ற இடங்களுக்குப் போகிறவர்களுக்கும் கொஞ்சம். அகேடியா தேசியப் பூங்காவுக்குப் போக மெய்ன் மாநிலத்துக்குள் நுழைகிறீர்களா, சூடேற்றாத வெளி மாநில விறகு 2010-இல் இருந்தே தடை. நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் இரண்டிலும் அதே கதை. கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் தேசியப் பூங்காவில் 2015 மார்ச்சில் இருந்து சான்றிதழ் உள்ள சூடேற்றிய விறகு மட்டும்தான், ஆனால் பூங்காவுக்குள் கீழே விழுந்து காய்ந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கி எரித்துக்கொள்ளலாம். ஷெனண்டோவாவிலும் ஏறக்குறைய அப்படித்தான். விஸ்கான்சின் அரசுப் பூங்காக்களில் 50 மைல் எல்லாம் இல்லை, 10 மைல். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு எண் வைத்திருப்பது தலைவலிதான், நாட்டுக்கே ஒரே விதி என்று வைத்திருந்தால் பாதிப் பேர் தெரியாமல் மீறுவது குறையும் என்பது என் எண்ணம். சில பூங்காக்களில் சுள்ளி பொறுக்குவதும் கூடாது, அது மண்ணுக்கு உரம், அதில் வாழும் உயிர்கள் வேறு இருக்கின்றன. புக்கிங் செய்யும்போதே விறகு விதியையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். பழைய பேலட்டை உடைத்துக் கொண்டு போகும் யோசனையும் வேண்டாம், சாம்பலில் ஆணி கிடக்கும் என்பதாலேயே பல இடங்களில் தடை. வீட்டை ஒட்டிப் போடும் மரத்தளமான டெக்கை உடைத்து எடுத்த பச்சை நிற மரம் இன்னும் மோசம், 2003 வரை வீட்டு டெக்குகளுக்குப் போட்ட அந்த மரத்தில் ஆர்சனிக் ஏற்றியிருப்பார்கள், அந்தப் புகையில் சோளக்கதிர் சுட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க யாருக்கும் மனசு வராது.

விறகு இல்லாமலே பூச்சியைக் கடத்தவும் நம்மால் முடியும். ஸ்பாட்டட் லான்டர்ன்ஃபிளை 2014-இல் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியில் கண்டுபிடித்தது, இப்போது எடிசன் பார்க்கிங் லாட்டில் நம் பிள்ளைகள் செருப்புக் காலால் மிதித்து எண்ணி விளையாடுகிற அளவுக்கு வந்துவிட்டது. அது செப்டம்பரில் இருந்து முட்டையிடும், மரத்தில்தான் என்றில்லை, கல், கார், கிரில்லின் அடிப்பக்கம், வெளியே மடித்து வைத்த நாற்காலி என்று எதன் மேலும் சாம்பல் நிறச் சேறு அப்பினாற்போல ஒட்டியிருக்கும். ஃபிங்கர் லேக்ஸ் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர்கள் இதைக் கண்டு நடுங்குகிறார்கள். இலையுதிர் காலத்தில் கேம்பிங் போகிறவர்கள், கராஜுக்கு வெளியே கிடந்த பொருளை ஏற்றுமுன் திருப்பிப் பார்த்து, அப்படி ஏதாவது இருந்தால் பழைய கிரெடிட் கார்டால் சுரண்டிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

எங்கள் குழுவில் இப்போது விறகுக்குத் தனி வரி வைத்தாகிவிட்டது, பட்டியலில் 'விறகு: அங்கே போய் வாங்குவது, பங்கு ஆளுக்கு இவ்வளவு' என்று. கொல்லையில் மரம் வெட்டிப் போட்டிருக்கிற நண்பர் முதலில் முகம் சுளித்தார், அப்புறம் அவரே தன் வீட்டில் ஒரு நெருப்புக் குழி போட்டு டிசம்பரில் எல்லோரையும் கூப்பிட்டார், அந்தக் கட்டையெல்லாம் அங்கேயே எரிந்தது, எந்தச் சட்டத்துக்கும் வேலை இல்லை. குழி போடும் முன் டவுன்ஷிப் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா ஊரிலும் விட மாட்டார்கள்.

கடைசியாக மிச்ச விறகு. அங்கே வாங்கியதை அங்கே எரித்து முடிக்காவிட்டால் வீட்டுக்கு ஏற்றி வராதீர்கள், அது இதே தப்பின் திரும்பிவரும் பயணம். ஞாயிறு காலை பக்கத்து சைட்டில் யாராவது இன்னும் இருப்பார்கள், "இதை எடுத்துக்கிறீங்களா" என்று கேட்டுப் பாருங்கள், வேண்டாம் என்று சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. பதிலுக்கு ஒரு பெரியவர் எங்களுக்குப் பாதி டப்பா மேப்பிள் சிரப் கொடுத்தார், தோசைக்குத் தொட்டுப் பார்த்தோம், பரவாயில்லை.